முத்துக்குளித்துறையிலிருந்து மலாக்கா குன்றுக்கு

மலாக்கா தோட்டப்புறங்களில் சவரிமுத்து, சவரியம்மா என்ற பெயர்கள் புதியவை அல்ல. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது முனியாண்டிக்கும் மாரிமுத்துக்கும் நடுவில் ஒரு சவரிமுத்துவும் குரல் கொடுப்பார். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தப் பெயரும் கூடவே போயிற்று.

சவரி என்பது சவேரியார். புனித பிரான்சிஸ் சவேரியார். பிறப்பால் தமிழர் அல்லர். தமிழைச் சரளமாகப் பேசியவரும் அல்லர். ஐரோப்பாவின் நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் 1506 ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்தவர். அவர் தாய்மொழி பாஸ்க். அப்படிப்பட்ட ஒருவரைத் தமிழ்க் குடும்பங்கள் ஏன் தங்கள் பிள்ளைகளின் பெயரில் வைத்துக் கொண்டன என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

1896-ஆம் ஆண்டு தான் சே யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கத்தோலிக்கர் சிறு தொகையினரே. அவர்கள் தங்கள் ஊர்ச் சவேரியாரை மனத்தில் சுமந்து கொண்டு கப்பலேறினார்கள். அந்தச் சவேரியார் 350 ஆண்டுகளுக்கு முன்பே இதே மலாக்காவில் வந்து இறங்கியவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

மணி அடித்து வந்த குரு

சவேரியார் கோவாவுக்கு வந்தது 1542 மே மாதம். அவ்வாண்டு அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்குப் போனார். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே தூத்துக்குடியைக் கடந்து நீளும் கடற்கரை அது. அங்குள்ள பரதவர்கள் 1530-களின் நடுவில் பெருந்தொகையாகக் கிறிஸ்துவத்தில் சேர்ந்திருந்தார்கள். முத்துக்குளிப்பில் ஏற்பட்ட போட்டியில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டதுதான் அதற்குக் காரணம். ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் திரும்பிப் போய்விட்டார்கள். புதுப் பெயர் கிடைத்ததே தவிர, அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

சவேரியார் அங்கு போனபோது முதல் தடை மொழி. தமக்கு அவர்கள் பேச்சும் அவர்களுக்குத் தம் பேச்சும் விளங்கவில்லை என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம் முதல் பத்துக் கட்டளைகள் வரை தமிழில் பெயர்க்கச் செய்தார். அதை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மணியோசை கேட்டு முதலில் ஓடி வந்தவர்கள் சிறுவர்கள். பிள்ளைகள் கற்றதை வீட்டில் போய்த் தாய் தகப்பனுக்குச் சொன்னார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போகிறது, திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப் போகிறது என்று அந்தக் கடிதம் கூறுகிறது. அந்தக் கையைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் அவரே இருக்க முடியாதல்லவா? செபம் சொல்லிக் கொடுக்கவும், பிறப்பு இறப்பு திருமணத்தைக் கவனிக்கவும் உள்ளூர் ஆட்களை நியமித்தார். போர்த்துகீசிய ஏடுகளில் அவர்கள் 'கணக்கப்பிள்ளை' என்ற தமிழ்ச் சொல்லாலேயே குறிக்கப்படுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. போர்த்துகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பொற்பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்கே விட்டுவிடும்படி சவேரியார் அரசிக்கு எழுதிக் கேட்டு வாங்கினார்.

குடியை அவர் விடவில்லை. சாராயம் குடிப்பவர்களுக்கு அபராதமும் மூன்று நாள் காவலும் விதிக்கும்படி சக ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதினார். குடியைத் தடுக்காத பட்டங்கட்டிமாரின் பதவி பறிபோகும் என்றும் எச்சரித்தார். கள்ளுக்கடையால் சீரழிந்த தோட்டக் குடும்பங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வதே முறை. புதிதாகக் கிறிஸ்துவரான சிறுவர்கள் வீட்டிலிருந்த தெய்வ உருவங்களை உடைத்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். 1546-இல் அம்போன் தீவிலிருந்து போர்த்துகல் மன்னருக்கு எழுதி, கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்றும் கேட்டவர் அவர். அவர் மறைந்த பிறகு, 1560-இல் அம்மன்றம் அமைந்து பலருக்குக் கொடுமை இழைத்தது. பல சமயத்தாரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கும். அவர் தம் காலத்து மனிதர் என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனாலும் அந்தக் கரை மக்கள் அவரை நேசித்ததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

படகுகள் போய்ச் சேரவில்லை

1544 ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து மீனவ ஊர்களில் புகுந்தது. மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, உணவு இல்லை. செய்தி மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்கு எட்டியது. 20 தோணிகளில் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. நாட்கணக்கில் போராடியும் தோணிகள் போய்ச் சேரவில்லை. கரைக்குத் திரும்பினார்.

திரும்பியவர் அத்தோடு நிற்கவில்லை. கால்நடையாகவே கன்னியாகுமரிக்குப் போனார். அங்கே கண்டதைப் பின்னர் எழுதினார்: உண்ண இல்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள், இறந்து கிடந்தவர்கள். இந்தக் கடிதங்களில் அற்புதம் எதுவும் இல்லை. கடல் பிளந்ததாகவோ காற்று அடங்கியதாகவோ அவர் எழுதவில்லை. முயன்றார், முடியவில்லை, நடந்து போனார். அவ்வளவுதான்.

அந்தக் கரையில் பரதவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அது சவேரியாரின் சொந்தத் தரப்பிலிருந்தே வந்தது. கொஸ்மே த பைவா என்பவர் அங்கே போர்த்துகீசியத் தலைவராக இருந்தார். காக்க வந்தவரே மக்களை வருத்துகிறார் என்று சவேரியார் அவரோடு மோதினார். பைவாவும் அவருக்குக் கடுமையாக எழுதினார். இருவருக்கும் முகம் பார்க்க முடியாத நிலை.

அந்தச் சமயத்தில்தான் போர் தூத்துக்குடிக்குப் பரவியது. பைவாவின் வீடு எரிந்தது, கப்பல் எரிந்தது. அவர் தீவுகளுக்குத் தப்பி ஓடினார். 1544 செப்டம்பரில் சவேரியார் மான்சிலாஸுக்கு அவசரக் கடிதம் எழுதினார். தம்மைப் பார்க்கத் தலைவருக்கு விருப்பம் இராது என்பதால் தாம் போகவில்லை. நீங்கள் உடனே தோணிகளில் தண்ணீரும் உணவும் கொண்டுபோய் அவரையும் உடன் இருப்பவர்களையும் காப்பாற்றுங்கள் என்பது அதன் சாரம். அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கடிதத்தைக் காட்டினால் போதும்.

மலாக்காவில் முதல் காலடி

1545 செப்டம்பர் இறுதியில் சவேரியார் மலாக்காவுக்கு வந்தார். போர்த்துகீசியர் இந்நகரைப் பிடித்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ் வணிகர்கள் அதற்கும் முன்பே இங்கு வேரூன்றியவர்கள். முத்துக்குளித்துறையில் செய்ததையே அவர் இங்கும் செய்தார். செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார், மணி அடித்துத் தெருவில் நடந்தார், நோயாளிகளைக் கவனித்தார். மூன்று மாதம் இங்கு இருந்தபோதும் தமிழ்க் கரையை அவர் மறக்கவில்லை. புதிதாக வரும் குருக்களைக் கன்னியாகுமரிக் கரைக்கே அனுப்புங்கள் என்று அவ்வாண்டு டிசம்பரில் மலாக்காவிலிருந்து கோவாவுக்கு எழுதினார்.

அப்படிப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் ஹென்ரிக் ஹென்ரிகஸ். சவேரியார் அரைகுறையாக விட்ட தமிழை அவர் முறையாகக் கற்றார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது அவர் உழைப்பால்தான்.

மலாக்கா சவேரியாருக்கு வழிப்பட்டணம் ஆயிற்று. 1547 டிசம்பரில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரை இங்குதான் சந்தித்தார். 1549 ஜூனில் ஒரு சீனரின் கப்பலில் ஜப்பானுக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அப்போது மலாக்காவின் தலைவர் வாஸ்கோ ட காமாவின் மகன் பெத்ரோ த சில்வா. பயணச் செலவுக்கு நல்ல மிளகாக 30 பாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்.

சுக்கான் பறிக்கப்பட்ட கப்பல்

மூன்று ஆண்டு கழித்து நிலைமை தலைகீழானது. சவேரியார் சீனாவுக்குப் போக விரும்பினார். சீனாவுக்குள் அந்நியர் நுழையத் தடை இருந்ததால், அரசத் தூதுக் குழுவாகப் போவதே வழி. அவருடைய நண்பரும் வணிகருமான தியோகோ பெரேய்ராவைத் தூதராக ஆளுநர் நியமித்தார். பெரேய்ரா தம் சொந்தப் பணத்தைப் போட்டுப் பரிசுப் பொருள்கள் வாங்கினார். 'சாந்தா குருஸ்' கப்பல் மலாக்கா வந்து சேர்ந்தது.

இப்போது மலாக்காவின் தலைவர் அல்வாரோ த அத்தாயிதே. இவரும் வாஸ்கோ ட காமாவின் மகன்தான். பெரேய்ராவிடம் கடன் கேட்டு மறுக்கப்பட்ட கோபமும் பொறாமையும் அவருக்கு. நகருக்குத் தாக்குதல் அபாயம் என்று சாக்குச் சொல்லிக் கப்பலின் சுக்கானைக் கழற்றி வைத்துக்கொண்டார். போப்பாண்டவர் தந்திருந்த தூதர் பதவியைச் சவேரியார் அதுவரை வெளியில் காட்டியதில்லை. முதன்முறையாக அந்த ஆவணத்தை எடுத்துக் காட்டினார். அத்தாயிதே அதையும் மதிக்கவில்லை. கடைசியில் கப்பல் போகலாம், பெரேய்ரா போகக் கூடாது என்றார். தூதர் இல்லாத தூதுக் குழு என்ன செய்ய முடியும்?

1552 ஜூலையில் சவேரியார் புறப்பட்டார். சிங்கப்பூர் நீரிணையில் கப்பல் நின்றபோது, தம்மால் நண்பருக்கு இவ்வளவு நட்டமா என்று வருந்தி பெரேய்ராவுக்கு எழுதினார். சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில் குடிசை ஒன்றில் காத்திருந்தார். மறுகரைக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன சீன வணிகர் வரவே இல்லை. டிசம்பர் 3-ஆம் நாள் விடியலில் காய்ச்சலில் இறந்தார். வயது 46. பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் அந்தோனியோ என்ற சீனக் கிறிஸ்துவர். இறுதி நாட்களில் தமக்குப் புரியாத ஒரு மொழியில் சவேரியார் பேசினார் என்று அவர் பின்னர் சொன்னார். அது தாய்மொழியான பாஸ்காக இருக்கலாம் என்பது வரலாற்று ஆசிரியர்களின் ஊகம்.

சுண்ணாம்பு இட்டுப் புதைத்த உடலை இரண்டரை மாதம் கழித்துத் தோண்டியபோது அது அழியாதிருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. 1553 மார்ச் 22-ஆம் நாள் உடல் மலாக்கா வந்தது. எதிர்கொண்டு வரவேற்றவர்களில் முன்னின்றவர், எல்லாம் இழந்த அதே பெரேய்ரா. குன்றின் மேல் இருந்த மாதா கோவிலில் அடக்கம் நடந்தது. ஆகஸ்டில் மீண்டும் எடுத்தார்கள். ஆண்டு இறுதியில் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஆக, ஏறத்தாழ ஒன்பது மாதம் அவர் மலாக்காவில் இருந்தார். அத்தாயிதே பதவி பறிக்கப்பட்டுக் கைதியானார்.

1622-இல் சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே, 1614-இல், அவருடைய வலக்கையின் முன்பகுதியை வெட்டி எடுத்து ரோமாபுரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். முத்துக்குளித்துறையில் ஓய்ந்து போன கை அதுதான். இன்றும் ஜேசு ஆலயத்தில் அது இருக்கிறது. உடல் கோவாவில். பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொதுத் தரிசனம் கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை நடந்தது. குமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு இந்துக்களும் திரளாக வருவது வழக்கம்.

மலாக்காவில் 1641-க்குப் பின் டச்சுக்காரர்கள் குன்றுக் கோவிலைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். 1753-இல் கீழே புதுக் கோவில் கட்டியதும் மேலே இருந்ததைக் கைவிட்டார்கள். கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றன. 1849-இல் பிரெஞ்சுக் குரு ஃபார்வே ஆற்றுப் பக்கம் சவேரியார் பெயரில் கட்டத் தொடங்கிய ஆலயத்தில்தான், பிற்காலத்தில் தோட்டத் தமிழர்களும் வந்து மண்டியிட்டார்கள்.

குன்றின் மேல் 1952-இல் நிறுவிய சவேரியார் சிலைக்கு வலக்கை இல்லை. சிலை வைத்த மறுநாளே சவுக்கு மரம் ஒன்று விழுந்து கையை ஒடித்துவிட்டது என்று மலாக்காவில் சொல்வார்கள். பாழடைந்த சுவர்களுக்குள், அவர் கிடந்த குழி இன்றும் திறந்தே இருக்கிறது. மேலே ஒரு கம்பி வலை. வருகிறவர்கள் வேண்டிக்கொண்டு போட்ட சில்லறைக் காசுகள் அடியில் கிடக்கின்றன.