குன்று தீவானது, குறிப்பு நின்றது

ஐப்பசி பிறந்தால், ஆனைமலையை அடுத்த தோப்புகளில் காலை ஆறு மணியளவில் ஒரு சீழ்க்கை ஒலி கேட்கும். மாலையிலும் ஏறக்குறைய அதே வேளையில் அது மீண்டும் எழும். அவ்வாறு கூவும் பறவைக்கு ஆறுமணிக் குருவி என்று நம் முன்னோர் பெயரிட்டனர். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்தபின், குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை அது. வாலாட்டியும் உள்ளானும் அதற்குச் சற்று முன்னரே வந்து சேரும். நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர் காலந்தொட்டே இவ்வரவையும் செலவையும் தமிழர் அறிவர். ஆயினும், எந்தப் பறவை, எவ்விடத்தில், எந்நாளில் என்று குறித்துவைப்பது நம்மிடையே பெருவழக்காக இருந்ததில்லை.

திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் ஆதரவில் சாலிம் அலி அவர்கள் அப்பணியை மேற்கொண்டார். 1933 ஜனவரியில், இன்றைய இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த மறையூரில் அவருடைய ஆய்வு தொடங்கிற்று. வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் பருவம் அது. இன்றைய பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளக் காட்டிலுள்ள குரியார்குட்டியிலும் அவர் முகாமிட்டார். சாலக்குடிக்குத் தேக்குமரம் கொண்டுசெல்ல 1907-இல் அமைந்த டிராம் பாதை அவ்வழியே சென்றது. பறவையின் பெயரோடு இடத்தையும் நாளையும் அவர் தவறாது பதிந்தார். அவ்விவரங்கள் 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் தொடராக வெளிவந்தன.

அவர் கண்ட நிலம் பின்னர் மாறிவிட்டது. டிராம் பாதையை அரசு 1963-இல் கைவிட்டது. 1960-களில் பறம்பிக்குளம் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கிற்று. நீர்த்தேக்கத்தின் நடுவே இன்று வீட்டிக்குன்னு என்னும் சிறு தீவு உள்ளது. வீட்டி என்பது தமிழில் நாம் ஈட்டி என வழங்கும் மரம். குன்னு என்பது குன்று. ஒரு காலத்தில் அது மலையின் ஒரு பகுதியாக இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. குன்று தீவாயிற்றென்று வடக்கிலிருந்து வரும் பறவைக்கு யார் அறிவிப்பார்? அது வழக்கம்போல் வருகிறது. சில பறவைகளுக்குப் புதிய நீர்க்கரை இரை தருகிறது. காட்டையே நம்பியவை வேறிடம் தேடவேண்டும்.

எவை வந்தன, எவை வரவில்லை என்று அறிவது எங்ஙனம்? பழைய குறிப்பொன்றே அதற்குத் துணை. சாலிம் அலி தங்கிய இடங்களைத் தேடி, 2009-இல் கேரளத்துப் பறவையியலார் மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். முந்தைய ஏடு இல்லையெனில் அவர்கள் எதனோடு ஒப்பிட்டிருப்பர்? மறைந்துபோனதை மறைந்தது என்று சொல்லவும் முன்பு எழுதிவைத்த ஒருவர் வேண்டும்.

ஆகவே, இவ்வாண்டு ஆறுமணிக் குருவியின் முதற்குரல் கேட்கும் நாளை நாமும் ஒரு தாளில் குறித்துவைப்போமாக. நமக்குப் பின் வருவோர்க்கு அதுவும் வரலாறே.