ஆரக்கிளா, மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா? – ஒரு சிறு வரலாறு



ப்ராஜெக்ட் தொடங்கும்போதெல்லாம் வகுப்பில் எழும் கேள்விதான் இது. "எது வேகம்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு தரவுத்தளமும் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் பதில் இன்னும் தெளிவாகக் கிடைக்கும்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். 1970-ல் ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட், எல்லாத் தரவுகளையும் அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை ஒரு தகவலை எடுக்க, அது எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்பதை நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டியிருந்தது. காட்டின் முறையில் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். அப்படிக் கேட்பதற்கான மொழியை அதே ஐபிஎம்மின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் வெளியிட்டார்கள். அதுவே பின்னாளில் எஸ்க்யூஎல் ஆனது.

ஐபிஎம் அதைக் கடைக்குக் கொண்டுவரும் முன்பே வேறொருவர் முந்திக்கொண்டார். லாரி எல்லிசன் இருவருடன் சேர்ந்து 1977-ல் தொடங்கிய நிறுவனம், 1979-ல் ஆரக்கிளை விற்பனைக்கு விட்டது. முதல் வெளியீட்டுக்கே "பதிப்பு 2" என்று பெயர் வைத்தார்கள் என்பது சுவாரசியமான செய்தி! பெரிய நிறுவனங்களை நம்பி வளர்ந்த சரக்கு இது. உரிமக் கட்டணமும் அதற்கேற்றபடிதான்.

போஸ்ட்கிரெஸ் பிறந்தது கல்லூரி வளாகத்தில். 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1994-ல் இரண்டு மாணவர்கள் அதில் எஸ்க்யூஎல்லைச் சேர்த்தார்கள். 1996-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறியது. இன்றும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை.

மைஎஸ்க்யூஎல் 1995-ல் ஸ்வீடனில் உருவானது. அதை எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர்தான் "மை". பல பேர் படித்து, சிலர் மட்டுமே எழுதும் இணையதளங்களுக்கு அது அருமையாகப் பொருந்தியது. ஆனால் அதன் பழைய மைஐசாம் அட்டவணைகளில் பரிவர்த்தனைப் பாதுகாப்பு கிடையாது.

அப்படியென்றால் என்ன? உங்கள் கணக்கிலிருந்து என் கணக்குக்கு 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்களிடம் கழித்தாகிவிட்டது, என்னிடம் கூட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. பரிவர்த்தனைப் பாதுகாப்பு இருந்தால், கழித்ததும் ரத்தாகி எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். இல்லையென்றால் 500 ரூபாய் காற்றோடு போயிற்று! வாசகர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் யாரும் அழப்போவதில்லை. கடைக் கணக்கில் குறைந்தால்? 2010-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்துதான் பாதுகாப்புள்ள இன்னோடிபி அதன் இயல்பான தேர்வானது.

இன்னொரு திருப்பமும் உண்டு. 2008-ல் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது! இலவசப் போட்டியாளர் பெரிய வியாபாரியின் கைக்குள் போனதால் பலருக்கும் கவலை. ஆனால் மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்திருந்தது. விடேனியஸ் 2009-லேயே அதைப் பிரதியெடுத்து, இளைய மகள் பெயரில் மரியாடிபி என்று தனிக்குடித்தனம் தொடங்கிவிட்டார்.

ஆகவே நண்பர்களே, வேகத்தைப் பற்றிக் கேட்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேலை பாதியில் நின்றால் என் தரவு என்ன ஆகும்? நாளை இதன் உரிமையாளர் மாறினால் நான் என்ன செய்வேன்? வேகம் போதவில்லை என்றால் பெரிய கணினி வாங்கிக்கொள்ளலாம். தொலைந்த கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.