காலே அரைக்கால்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். என் கதை எது வெளிவந்தாலும் விடாமல் படிப்பார். படித்த கையோடு குற்றம் சொல்ல வந்துவிடுவார். ஒரு மாலை பத்திரிகையை என் முன்னால் விரித்துப் போட்டு, "ஏன் சார், உங்கள் கதாநாயகனை இந்தத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டால் அவன் கடற்கரை போய்ச் சேருவானா?" என்று கேட்டார்.

கதை மீட்டர்கேஜ் காலத்துக் கதை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டபோது அது ஓடியது மீட்டர் பாதையில்தான். 2004 வரையில் அந்தப் பாதை இருந்தது. அதன் அகலம் மூன்றடி, மூன்றே காலே அரைக்கால் அங்குலம். நான் 3⅜ என்று கையால் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்ததோ 33/8! முப்பத்து மூன்று அரைக்கால் என்றால் நாலே அரைக்கால் அங்குலம் ஆகிவிடுகிறது. முக்கால் அங்குலம் கூடுதல். சக்கரம் தரையில்தான் இறங்கும்.

கணிப்பொறியில் கோத்த பெண்ணின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஈய எழுத்துக் காலத்தில் அரை, கால், முக்கால் மூன்றுக்கும் தனித்தனி அச்சே பெட்டியில் கிடக்கும். மற்றவற்றைப் பொடி எழுத்தை அடுக்கி ஒப்பேற்றுவார்கள். கணிப்பொறி வந்தபோது இடநெருக்கடி வந்தது. மொத்தம் 256 இடங்கள். அதில் 188, 189, 190 என்ற மூன்று அறைகளில் ¼, ½, ¾ குடியிருந்தன. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துரு முறைகளில் மேல்பாதி அறைகளைத் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரை வாடகைக்காரன் வெளியேற்றப்பட்டான்! அதன் பிறகு சாய்கோடு ஒன்றுதான் கதி. முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே இடம் விட மறந்தால், ஒன்றரை கிரவுண்டு 11/2 ஆகி ஐந்தரையாக நிற்கும். 2400 சதுர அடி மனைக்கு ஆயுள் சேமிப்பைக் கொட்டுகிற ஊரில் இது விளையாட்டுக் காரியமா?

இந்தக் கதி யாருக்கு நேர்ந்தது என்பதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்குத் தமிழில் தனிக் குறி உண்டு. காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. கால் பங்கின் குறி 'வ' எழுத்தின் சாயலில் இருக்கும். முந்திரியையே மறுபடி 320ஆகப் பங்கிட்டால் கீழ்முந்திரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் 'கீழ்' கணக்கிலேயே வேலி நிலத்தை நுணுக்கி அளந்து வரி விதித்திருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கத்திக் கத்தி உருப்போட்டார்கள். பதினாறு அணா ரூபாய்க்கு மாகாணி வசதியாக இருந்தது, ஓரணாதானே அது! 1957இல் நூறு பைசா வந்ததும் அந்தப் பிழைப்பும் போயிற்று.

பழைய குறிகளுக்கு 2019இல் யூனிகோடு கதவைத் திறந்தது. 51 குறிகளுக்கு இடம் கிடைத்தது. 'கீழ்' குறிக்குக்கூடத் தனி அறை. இனி முந்திரியை முந்திரியாகவே அச்சிடலாம், வாசிப்பதற்கு ஆள் கிடைத்தால்.

நம் 3⅜க்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இப்போதைய எழுத்துருக்கள் பலவற்றில் பின்னத்துக்கென்றே ஒரு வசதி இருக்கிறது; அதைப் போட்டால் எண்கள் சிறுத்து, கோடு சாய்ந்து, முழு எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் புத்தகம் முழுவதற்கும் போட்டுவிடக் கூடாது. கதை நூலாக வந்தபோது அந்தப் பெண் உற்சாகத்தில் அப்படித்தான் செய்தாள். மெய்ப்பில் சுதந்திர தினம் 15/8, பதினைந்து அரைக்காலாகச் சுருங்கிக் கிடந்தது.

அதைத் திருத்தி, புத்தகத்தின் முதல் பிரதியை ரயில்வேக்காரரிடமே கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"சரி, வண்டி போகலாம்" என்றார்.