தடை, கடை, பேச்சு: எச்.ஐ.வி. சிகிச்சையும் குடியும்

எச்.ஐ.வி. பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். மதுவிலக்கு பற்றித் தேர்தல் மேடைகளில் கேட்டிருக்கிறோம். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? அதன் வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலில் மதுவின் கதை. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தி, 1974-க்குள் மீண்டும் கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது.

நம் தஞ்சைப் பக்கத்துக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. அதுதான் காரைக்கால்! 1954 வரை பிரெஞ்சு ஆட்சி, பிறகு புதுச்சேரி நிர்வாகம். மூன்று பக்கமும் பழைய தஞ்சை மாவட்டம், ஒரு பக்கம் கடல். இங்கே கடையை மூடிய காலத்திலும் அங்கே திறந்தே இருந்தது. பஸ் ஏறினால் போதும். நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் உடம்பு வலி தீரவில்லை, கையில் கூலி இருந்தது. சட்டம் கடையைப் பற்றி மட்டுமே யோசித்தது. குடிப்பவரிடம் 'ஏன்?' என்று அது கேட்கவே இல்லை.

இனி எச்.ஐ.வி. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நிர்மலா என்ற முதுகலை மாணவி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பெண்களுக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அவை. 2004 ஏப்ரல் 1-ல் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்கியது. தமிழகத்தில் தாம்பரம் மருத்துவமனையில் ஆரம்பித்தார்கள். இன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது.

இந்த மருந்தைத் தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும். அங்கேதான் குடி குறுக்கே வருகிறது. போதையில் மாத்திரை மறந்துபோகும், கல்லீரலும் கெடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒரு தவறான நம்பிக்கை. 'சாராயமும் மாத்திரையும் சேர்ந்தால் விஷம்' என்று பயந்து, குடிக்கிற நாளில் மாத்திரையை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளில் இது தெரியவந்திருக்கிறது. விடும் நாட்கள் கூடக்கூட வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கே கட்டுப்படாமலும் போகலாம்.

சரி, என்ன செய்வது? டாஸ்மாக் பிறந்த அதே 1983-ல், வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பவர்களிடம் பேசும் புது முறை ஒன்றை எழுதி வெளியிட்டார். திட்டக்கூடாது, பயமுறுத்தக்கூடாது. குடியால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று அவரையே சொல்லவைக்க வேண்டும். பிறகு எந்த நாளில், யாரோடு குடிக்கிறார் என்று கணக்கெடுத்து, அந்த நேரத்துக்கு மாற்று வழியை அவரோடு சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். கூலி வாங்கும் மாலையில் யார் கையில் பணம் கொடுப்பது, கோயில் திருவிழாவில் நண்பர் கிளாஸை நீட்டினால் என்ன சொல்வது என்பதுவரை ஒத்திகை பார்ப்பார்கள்.

2000-களில் சென்னை ஒயின்ஷாப்களில் ஒரு பன்னாட்டு ஆய்வு நடந்தது. வாடிக்கையாளர்களில் செல்வாக்கு உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களிடம் எச்.ஐ.வி. தடுப்பு பற்றிப் பேசவைத்தார்கள். ஐந்து நாடுகளின் முடிவு 2010-ல் வந்தது. பயிற்சி நடந்த இடங்களிலும் நடக்காத இடங்களிலும் ஆபத்தான பழக்கம் குறைந்திருந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. பொதுவாகச் செய்தி பரப்பினால் மட்டும் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தனித்தனியாக உட்கார்ந்து பேசியபோது பலன் தெரிந்தது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், அதிகம் குடிக்கும் 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகர்கள், அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள், மற்றவர்களில் 26 சதவீதம். இவர்கள் எச்.ஐ.வி. நோயாளிகள் அல்லர். ஆனால் வியட்நாமின் ஏ.ஆர்.டி. மையங்களில் நடந்து 2020-ல் வெளியான ஆய்விலும், ஆலோசனை பெற்றவர்களுக்குக் குடிக்காத நாட்கள் கூடின. நீண்ட ஆலோசனைதான் வேண்டும் என்றில்லை, குறுகியதே நன்றாக வேலை செய்தது!

ஏ.ஆர்.டி. மையங்களில் ஏற்கெனவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாத்திரை வாங்க வருபவரிடம் 'குடிக்காதே' என்று ஒரே வார்த்தையில் முடித்தால், அடுத்த முறை அவர் பொய் சொல்வார் அல்லது வராமலே போவார். 'போன வாரம் எத்தனை நாள்?' என்று கோபமில்லாமல் கேட்டால் பேச்சு தொடங்கும். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர் துணை வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்: குடித்துவிட்ட நாளிலும் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தக்கூடாது.