பூட் மெனுவில் ஏன் இத்தனை கெர்னல்?

இன்னிக்கு பூட் மெனுவோட வரலாறு. லினக்ஸ் லேப்டாப்பை ஆன் பண்ணினதும் கறுப்புத் திரையில ஒரு பட்டியல் வருமே, அதுதான். ஒரே பேரு, பின்னாடி இருக்கற நம்பர் மட்டும் மாறி நாலஞ்சு வரி நிக்கும். எல்லாம் பழைய கெர்னல். எதை வெச்சுக்கணும், எதைத் தூக்கணும்? அந்த வரிகள் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா இதுக்குப் பதில் தானா கிடைக்கும்.

நம்ம பக்கத்துல நிறையப் பேர் இந்த மெனுவை முதல்ல பார்த்தது அரசு லேப்டாப்ல. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிச்சு. கொள்முதல் பண்ணினது எல்காட். அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ்ங்கறது டெபியனை அடிப்படையா வெச்சு சிடாக் சென்னையில உருவாக்கினது. நான் இதைப் பதிவு பண்ற ஜெகதளா, பக்கத்துல அருவங்காடு மாதிரி ஊர்கள்ல பல வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே அந்த லேப்டாப்தான். நெட் இல்லாத வரைக்கும் மெனு அப்படியே இருக்கும். போன் டேட்டாவுல இணைச்சு அப்டேட் ஓட விட்டா வரிகள் கூட ஆரம்பிக்கும்.

இப்ப 1990-களுக்குப் போவோம். 1991-ல லினக்ஸ் வந்தது. கொஞ்ச நாள்லயே வெர்னர் அல்மெஸ்பெர்கர் லைலோங்கற பூட் லோடரை எழுதினார். அதுக்கு ஃபைல் சிஸ்டம் புரியாது. கெர்னல் டிஸ்க்ல எந்தெந்த இடத்துல இருக்குன்னு முன்னாடியே குறிச்சு வெச்சுக்கும். நீங்க புதுக் கெர்னலைப் போட்டுட்டு லைலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தா, அடுத்த தடவை மெஷின் எழுந்திரிக்காது. அதனால அனுபவசாலிங்க கான்ஃபிக் ஃபைல்ல பழைய கெர்னலுக்குன்னு ஒரு வரியைக் கையாலேயே எழுதி வெச்சாங்க. கெர்னலோட இன்ஸ்டால் ஸ்கிரிப்டே பழைய ஃபைலை அழிக்காம, பேருக்குப் பின்னாடி 'ஓல்ட்'னு சேர்த்து நகர்த்தி வைக்கும். ஆக, பழைய வரி தெரிஞ்சே வெச்ச ஒரு காப்பீடு. அதுவும் இல்லைன்னா பூட் ஃப்ளாப்பியைத் தேடணும்.

1995-ல எரிக் போலின் கிரப்பை எழுதினார். ஹர்டுங்கற வேற ஒரு கெர்னலை பூட் பண்றதுக்காகத்தான் எழுதினார். கிரப்புக்கு ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியும். அதோட அடுத்த தலைமுறையான கிரப் 2, 2009 அக்டோபர்ல வந்த உபுண்டு 9.10-ல டீஃபால்ட் ஆச்சு. அதுக்கப்புறம் மெனுவை யாரும் கையால எழுத வேண்டியதில்லை. பூட் ஃபோல்டர்ல எத்தனை கெர்னல் இருக்கோ, அத்தனைக்கும் ஸ்கிரிப்டே வரி போட்டுடும்.

கையால எழுதின காலத்துல ஒரு வரி, ரெண்டு வரி. தானியங்கி ஆனதும் பத்து, பதினஞ்சு. சரி, மத்த சாஃப்ட்வேர் மாதிரி புதுசு பழசுக்கு மேல ஏறி உட்காரக் கூடாதா? கூடாது. ஓடிக்கிட்டிருக்கற கெர்னலோட மாட்யூல்களை அழிச்சுட்டா, அடுத்து ஒரு பென்டிரைவ் செருகினாக்கூட அதுக்கான டிரைவரை அதால ஏத்த முடியாம போகலாம். அதனாலதான் டெபியன், உபுண்டுல கெர்னல் பேக்கேஜோட பேர்லயே வெர்ஷன் நம்பர் ஒட்டியிருக்கும். பேர் வேற, அதனால பேக்கேஜும் வேற. பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்.

இதுக்கு விலை இடம். டிஸ்கை என்கிரிப்ட் பண்ணி இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு பூட் தனிப் பார்ட்டிஷன். அந்தக் காலத்து இன்ஸ்டாலேஷன்ல அதுக்கு சில நூறு எம்பிதான் கிடைக்கும். சில கெர்னல்லயே ரொம்பிடும். அப்ப அடுத்த அப்டேட் பாதியில நின்னு, பேக்கேஜ் மேனேஜரே சிக்கிக்கும்.

அப்ப எல்லாப் பழசையும் அழிச்சுடலாமான்னா, அதுவும் ஆபத்து. சில பிராட்காம் வைஃபை சிப்புக்கு டிரைவர் தனியா வரும், ஒவ்வொரு கெர்னலுக்கும் புதுசா கம்பைல் ஆகணும். புதுக் கெர்னல்ல அது கம்பைல் ஆகலைன்னா வைஃபை இல்லை. வைஃபை இல்லைன்னா சரிபண்ற பேக்கேஜை இறக்கவும் வழியில்லை. ஆன்லைன் தேர்வு நாளைக்குன்னா, குன்னூருக்கு பஸ் பிடிச்சு கடை தேடற நேரமா அது? பழைய வரியைத் தேர்ந்தெடுத்து பூட் பண்ணினா, ரெண்டு நிமிஷத்துல நேத்து இருந்த லேப்டாப் திரும்பக் கிடைக்கும்.

டிஸ்ட்ரோக்கள் கடைசியில வந்து நின்னது ஒரு நடு வழியில. ஃபெடோரால டீஃபால்ட்டா மூணு கெர்னல்தான் தங்கும். நாலாவது வந்தா பழசு போகும், ஆனா ஓடிக்கிட்டிருக்கறதைத் தொடாது. உபுண்டுல ஆட்டோரிமூவ் கட்டளையும் அதே மாதிரி, ஓடற கெர்னலையும் புதுசையும் விட்டுட்டு மீதியைக் கழிக்கும். 2011 வாக்குல உபுண்டு பழைய வரிகளை ஒரு துணை மெனுவுக்குள்ள தள்ளினதால, இப்ப பலருக்கு அது இருக்கறதே தெரியாது. புதுசு எழுந்திரிக்கலைன்னா முதல்ல அங்கதான் போய்ப் பார்க்கணும்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். 'யூநேம் ஹைபன் ஆர்' அடிச்சு, எந்தக் கெர்னல்ல இருக்கீங்கன்னு பாருங்க. புதுக் கெர்னல் வந்தா முதல்ல ரீஸ்டார்ட் பண்ணி வைஃபை, சவுண்ட், ஸ்லீப் எல்லாம் சோதிங்க. எல்லாம் சரின்னா 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. பூட் ஃபோல்டருக்குள்ள போய் ஃபைலைக் கையால அழிக்காதீங்க. பேக்கேஜ் இன்னும் இருக்குன்னுதான் சிஸ்டம் நினைச்சுக்கிட்டிருக்கும், கணக்கு இடிக்கும். முக்கியமா, நல்லா ஓடினதுன்னு தெரிஞ்ச பழைய கெர்னல் ஒண்ணை எப்பவும் விட்டு வைங்க. கையால கான்ஃபிக் எழுதின காலத்துல அவங்க காப்பாத்தி வெச்சதும் அந்த ஒரு வரியைத்தான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.