நீல மாத்திரை

எங்கள் வீரசோழன் பக்கத்து ஆட்டுச் சந்தைகளில் ஆடு வாங்குகிறவன் முதலில் அதன் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்ப்பான். தண்ணீர் காட்டி உப்ப வைத்துக் கொண்டு வந்திருப்பார்களோ என்று சந்தேகம். மோசடி தெரிந்துவிட்டால் ஏச்சு வாங்குகிறவன் ஆட்டுக்காரன். ஆட்டை யாரும் ஏசுவதில்லை. விளையாட்டு உலகத்திலோ இந்த நியாயம் தலைகீழாக இருக்கிறது.

பெண்பிள்ளை ஆடு அல்லவே, அவளுக்குப் புத்தியும் வாயும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வாய் திறக்க எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பதையும் பார்க்க வேண்டாமா?

கிழக்கு ஜெர்மனி என்று ஒரு தேசம் இருந்தது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் நீச்சலில் அதன் பெண்கள் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. 1976-ல் மாண்ட்ரீலில், பெண்களுக்கான 13 போட்டிகளில் 11 தங்கம்! இடையில், 1974-ல், சர்க்கார் ரகசியமாக ஒரு திட்டம் வகுத்திருந்தது. 'ஓரல் டுரினபால்' என்ற நீல மாத்திரையை வைட்டமின் என்று சொல்லிப் பள்ளிச் சிறுமிகளுக்கும் கொடுத்தார்கள். அது ஆண்மைச் சுரப்பின் வேலையைச் செய்யும் மருந்து. பெண் உடம்பில் அந்தச் சுரப்பு சொற்பம். ஆகையால் மருந்தின் வேகம் அதிகம். தசை வலுத்தது, மாதவிலக்கு தவறியது, குரல் தடித்தது. தடித்த குரல் பிறகு பழையபடி ஆவதில்லை. 2000-ல் பெர்லினில் விசாரணை நடந்தது. விளையாட்டுத் தலைவர் எவால்டுக்கு 22 மாதம், டாக்டர் ஹொப்னருக்கு 18 மாதம். இரண்டுமே நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

நம் தேசத்தில் அப்படிச் சர்க்கார் திட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும், குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நால்வரில் மூவர், அசுவினி அக்குஞ்சி, மந்தீப் கௌர், சினி ஜோஸ், 2011-ல் மருந்துச் சோதனையில் சிக்கினார்கள். உக்ரைன் தேசத்துப் பயிற்சியாளர் யூரி ஒகோரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜின்செங் சத்து மருந்தைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். அவர் நீக்கப்பட்டார். பெண்களுக்கு ஒரு வருஷத் தடை. 2012-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு வருஷமாக்கிற்று. உடம்புக்குள் போனதற்கு உடம்புக்காரியே பொறுப்பு என்பது சட்டம்.

ஏன் கேட்காமல் சாப்பிட்டார்கள்? கிராமத்தில் ஒரு பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதை ஊர் பொறுத்துக்கொள்வதே, நாளைக்குப் பதக்கமும் ரயில்வே உத்தியோகமும் வரும் என்ற நம்பிக்கையில்தான். பதக்கம் இல்லையென்றால் அடுத்த தை மாதம் கல்யாணம். பயிற்சி முகாமிலோ வாத்தியார்தான் தகப்பனார். "இது என்ன மாத்திரை?" என்று அவரிடம் கேட்டால், குழுவில் இடம் நிலைக்குமோ என்ற பயம்.

2019 ஏப்ரலில் தோஹா ஆசியப் போட்டியில், திருச்சி ஜில்லா முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாதமே, சோதனையில் நாண்ட்ரலோன் என்ற செய்தி வந்தது. தடை செய்யப்பட்ட எதையும் தாம் தொட்டதில்லை என்று அவர் மறுத்தார். பதக்கம் போயிற்று, நாலு வருஷம் தடை. கொண்டாடின கூட்டத்தைக் காணோம்.

2015 முதல் உலக ஊக்கமருந்துச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. சிக்கியவர் சிறு வயதினரானால், அல்லது ஒரே பயிற்சியாளரிடம் ஒருவருக்கு மேல் சிக்கினால், பக்கத்தில் நிற்கிறவர்களையும் தானாகவே விசாரிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இருபது வயதுப் பெண் தனியாகச் சிக்கினால்? அவளைச் சுற்றி நின்றவர்களின் வயிற்றையும் கொஞ்சம் அமுக்கிப் பார்ப்பது நல்லது. அந்தக் கூட்டத்தில் பரிசுக்குக் கைதட்டிய நாமும் உண்டு.