கடல் தாண்டினால் மாறும் நோய்

புரூக்ளின் இளைஞர் ஒருவரிடம் மனநல மருத்துவர் பேசும் வீடியோ அது. இளைஞருக்கு ஒரு கை அசையவில்லை. உடம்பில் அதற்குக் காரணமும் இல்லை. மனநிலை ஏறி இறங்குகிறது. குடிப்பழக்கம் உண்டு. இதை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கான மனநல மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்கர்களில் 69 சதவீதம் பேர் ‘மனச்சிதைவு’ என்றார்கள். பிரிட்டிஷ்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான். ராபர்ட் கெண்டலும் சகாக்களும் 1971இல் இதை வெளியிட்டார்கள்.

ஒரே ஆள், ஒரே பேச்சு. அப்புறம் எப்படி?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1890களில், ஹைடல்பெர்க்கில் எமில் கிரெபெலின் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். எந்த வயதில் தொடங்கியது, என்னென்ன அறிகுறிகள், கடைசியில் ஆள் என்ன ஆனார் என்று எல்லாம் அதில் ஏறும். அந்த அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கியவர், 1899இல் வந்த தன் பாடநூலில் இரண்டு பெரிய நோய்களை எதிரெதிரே நிறுத்தினார். வந்து வந்து போகும் பித்தும் சோர்வும் ஒன்று. இளமையில் தொடங்கி மனதைத் தேய்ப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு 1908இல் சூரிச்சின் ஒய்கன் ப்ளாய்லர் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று பெயர் வைத்தார். குரல் கேட்பதல்ல, எண்ணங்களின் இழை அறுவதே நோயின் மையம் என்றார் அவர்.

குரல் கேட்டதா என்று கேட்டு எழுதிவிடலாம். இழை அறுந்ததை யார் அளப்பது? உளப்பகுப்பாய்வில் ஊறியிருந்த அமெரிக்க மருத்துவர்கள் கையில் அந்தச் சொல் அகன்றுகொண்டே போனது. பிரிட்டன் அதைக் குறுக்கியே வைத்திருந்தது. நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களிடம், முன்பே எழுதிவைத்த ஒரே கேள்விகளை ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஊருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது! நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தார்கள். எழுதிய கைதான் வேறு.

‘பேர்ல என்ன இருக்கு?’ என்று கேட்கலாம். இருக்கிறது. பித்து நோய்க்கான லித்தியத்துக்கு அமெரிக்கா 1970இல் அனுமதி கொடுத்தது. பித்து வந்தவருக்கு மனச்சிதைவு என்று எழுதிவிட்டால், பலன் தரக்கூடிய மருந்து அவர் கைக்கு வராமலே போகலாம்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. இன்னின்ன அறிகுறிகள், குறைந்தது 6 மாதம் என்று அதில் பட்டியல் வந்தது. ஒரே நோயாளியைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள் ஒரே பெயரைச் சொல்லும் வாய்ப்பு கூடியது. ஆனால் இரண்டு பேர் ஒத்துக்கொண்டதாலேயே அது சரியாகிவிடாதே? மனச்சிதைவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. வேறு நோய் எதுவும் இல்லை என்று பார்க்கத்தான் அவை உதவும்.

ஆகவே இன்றும் மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்: ‘எத்தனை நாளா அந்தக் குரல் கேக்குது? யார்கிட்டயாவது சொன்னீங்களா?’ பதிலை எழுதிக்கொள்கிறார். வீட்டார் வெட்கப்பட்டு மறைத்தது அந்தத் தாளில் ஏறாது. அவசரத்தில் கேட்காமல் விட்டதும் ஏறாது.